கடற்காற்று எங்கே போய் முடிகிறது?



சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு சனிக்கிழமை இரவு, நம் வாலிபர் ஒன்றுகூடல் ஒரு வீட்டின் பின்வளவில் நடந்தது. நல்ல குளிர். வானத்தில் ஒரு முகில் இல்லை, மரத்தில் ஓர் இலை அசையவில்லை. நடுவில் விறகு மூட்டி, சுற்றிவரக் கதிரைகள் போட்டிருந்தோம். சிறுவர்கள் மார்ஷ்மெல்லோவைக் குச்சியில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டும் சிரிப்புமாக இருந்தது. புகை மட்டும் மேலே போகவில்லை. தலைக்குச் சற்று மேலே பாய் விரித்ததுபோல் அப்படியே நின்றது. கண் எரிந்தவர்கள் கதிரையைத் தூக்கி மறுபக்கம் போட்டுக்கொண்டார்கள். தாதியராக வேலை செய்யும் நாங்கள் மூவரும் அங்கேதான் இருந்தோம். அந்தப் புகையைப் பார்த்தோம். பார்த்தும் ஒன்றும் யோசிக்கவில்லை.

இரவு ஒன்பதரை மணியளவில் பதினான்கு வயதுத் தம்பி ஒருவன் வந்து பக்கத்தில் நின்றான். “அக்கா, நெஞ்சு இறுக்குற மாதிரி இருக்கு.” இந்த ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க அவன் இரண்டு முறை மூச்சு எடுத்தான். ஆஸ்துமா உள்ள பிள்ளை. இங்கே எல்லோரும் ‘பஃபர்’ என்று சொல்லும் நீல நிற இன்ஹேலர் அவனுடைய வீட்டு மேசையில் இருந்தது. நல்லவேளையாக இன்னொரு தங்கையின் காரில் ஒரு பஃபரும் ஸ்பேசரும் இருந்தன. நான்கு முறை கொடுத்தோம், பொறுத்திருந்து மீண்டும் நான்கு முறை கொடுத்தோம். அடங்கவில்லை. அம்புலன்ஸை அழைத்தோம். அந்த இரவு அவன் மருத்துவமனையில் இருந்தான். மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது அவனுடைய அம்மா எங்களிடம் கேட்டார்: “பகல் முழுக்க ஓடிப் பந்து விளையாடினவன், அப்ப ஒண்டும் வரேல்லை. இரவு சும்மா கதிரையில இருந்த பிள்ளைக்கு ஏன் இப்பிடி வந்தது?”

நல்ல கேள்வி. அவன் இரண்டு வாரமாகத் தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை என்பது பதிலில் ஒரு பாதி. மறுபாதியை அப்போது எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தாதியர் பட்டப்படிப்பில் நுரையீரலைப் படிப்பித்தார்கள், மலையையும் கடலையும் யாரும் படிப்பிக்கவில்லை. பிறகு தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது, நாம் குடியிருக்கும் நிலத்தின் அமைப்பும், அந்த மாதமும், அந்த மணிநேரமும் சேர்ந்துதான் அவனை அந்த இரவு வருத்தின என்று. தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஒரு பக்கம் திறந்த கிண்ணம்

சிட்னி கடற்கரை நகரம். கடற்கரை என்றால் சுத்தமான காற்று என்பது நம் பெற்றோர் ஊரிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கை. காலிமுகத்திடலிலோ மெரினாவிலோ மாலையில் ‘காற்று வாங்க’ப் போனவர்கள் அவர்கள். போண்டையிலும் கூஜியிலும் நிற்பவருக்கு அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரிதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அங்கே குடியிருக்கவில்லை. வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில், டூன்காபி, பிளாக்டவுன் என்று கடலிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றரோ அதற்கு மேலோ தள்ளி இருக்கிறோம்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே புளூ மவுண்டன்ஸ் மலைகள் நிற்கின்றன. கட்டூம்பா ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே ஹோர்ன்ஸ்பி மேட்டுநிலம், தெற்கே வொரனோரா மேட்டுநிலம். கிழக்கே மட்டும் தஸ்மன் கடல். மூன்று பக்கமும் உயர்ந்து, ஒரு பக்கம் திறந்த கிண்ணம்போன்றது சிட்னி. நாம் அந்தக் கிண்ணத்தின் அடியில், மலைப் பக்கமாக இருக்கிறோம்.

இந்தக் கிண்ணம் ஒரு நாளில் ஒருமுறை மூச்சை இழுத்து, ஒருமுறை விடுகிறது. பகலில் தரை கடலைவிட வேகமாகச் சூடாகும். சூடான காற்று மேலெழும், அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். இரவில் மலைச்சரிவுகள் குளிரும். குளிர்ந்த காற்று பாரமானது. அது தண்ணீரைப்போலப் பள்ளம் தேடி வழிந்து, ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகக் கடலை நோக்கி மெதுவாக இறங்கும். பகலில் உள்ளே, இரவில் வெளியே. நகரத்தின் அழுக்கும் இந்தக் காற்றோடுதான் போய்வருகிறது.

கோடை: பிற்பகலில் வரும் விருந்தாளி

ஒரு வெப்பமான ஜனவரி நாள். காலை ஏழு மணிக்கு நகரத்தின் வீதிகள் வாகனங்களால் நிறைகின்றன. அவற்றின் புகையில் நைதரசன் ஒட்சைட்டுகள் இருக்கின்றன. பெற்றோல், பெயின்ட் போன்றவற்றிலிருந்து ஆவிகள் எழுகின்றன. வெயிலில் யூக்கலிப்டஸ் மரங்களும் தங்கள் எண்ணெய் ஆவியை விடுகின்றன. இவை எல்லாம் கலந்து, வெயில் பட்டு, சில மணிநேரத்தில் ஓசோனாக மாறுகின்றன. வானத்தில் மிக உயரத்தில் இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. மூக்கின் உயரத்தில் இருக்கும் ஓசோன் மூச்சுக்குழாயை அரிக்கும் வாயு.

இந்தச் சமையல் நடக்கும்போதே கடற்காற்று தொடங்குகிறது. காலையில் கிழக்கு நகரத்தில் வெளியான புகையை அது மேற்கே தள்ளிக்கொண்டு வருகிறது. வழியில் நம் வீதிகளின் புகையும் சேர்கிறது. பிற்பகலில் அது மேற்கிலும் தென்மேற்கிலும், லிவர்பூல், கேம்பல்டவுன், கேம்டன் பக்கங்களில் வந்து சேரும்போது ஓசோன் முற்றியிருக்கும். அதற்கு அப்பால் போக மலை விடாது. கடற்கரையில் நிற்பவருக்குப் புத்துணர்ச்சி தந்த அதே காற்று, மாலையில் நம் பிள்ளைகள் விளையாடும் மைதானத்துக்கு நகரத்தின் பகல் முழுவதையும் சுமந்து வருகிறது. வெப்பமும் நம் பக்கமே அதிகம். 2020 ஜனவரி 4 அன்று பென்றித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது.

கோடையில் பள்ளிக்கூடம் முடிந்து, நான்கு மணிக்குப் பயிற்சிக்குப் போன பிள்ளைகள் இருமிக்கொண்டு வருவதைச் சில அம்மாமார் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஓடும்போது, சும்மா இருக்கும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். அந்த நேரம் ஓசோன் கூடும் நேரமாகவும் இருந்தால் நெஞ்சு சொல்லிக்காட்டும்.

குளிர்காலம்: மூடி போட்ட இரவு

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

வழமையாக மேலே போகப் போகக் காற்று குளிரும். காற்றில்லாத, முகிலில்லாத குளிர்கால இரவில் இது தலைகீழாகிறது. தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் அதனோடு குளிர்கிறது. மலைகளிலிருந்து வழிந்து வரும் குளிர்காற்றும் பள்ளங்களில் வந்து தேங்குகிறது. அதற்கு மேலே சற்றுச் சூடான ஒரு படை நிற்கிறது. நெருப்பிலிருந்து எழும் புகை அந்தப் படைவரை போய் நின்றுவிடும். சோற்றுப் பானைக்கு மூடி போட்டதுபோல. கோடை நண்பகலில் புகை கலந்து கரைவதற்கு ஒரு கிலோமீற்றருக்கும் மேலான உயரம் இருக்கும். இப்படிப்பட்ட இரவில் அந்த இடம் மிகவும் சுருங்கிவிடுகிறது.

அந்தச் சனிக்கிழமை பகலில் வெயில் தரையைச் சூடாக்கி, காற்று மேலும் கீழும் கலந்துகொண்டிருந்தது. தம்பி ஓடி விளையாடியது அந்தக் காற்றில். இரவில் அவன் அசையாமல் இருந்தான். ஆனால் மூடிக்குக் கீழே இருந்தான். நம் நெருப்பு ஒன்றுதான் எரிந்தது என்றும் இல்லை. அயலில் விறகு அடுப்பு மூட்டி வீட்டைச் சூடாக்கியவர்களின் புகையும் அதே மூடிக்குக் கீழேதான் இருந்தது. சிட்னியில் விறகால் வீட்டைச் சூடாக்குவோர் சிறு பங்கினரே. அப்படியிருந்தும் குளிர்காலத்தில் நகரத்தின் நுண்துகள் மாசுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று அதுவே.

நம் சபையில் ஒரு அங்கிள் இதைக் கேட்டுவிட்டு, “விறகு இயற்கையான பொருள்தானே, அம்மம்மா காலத்தில் விறகில்தானே சமைச்சது” என்றார். உண்மைதான், அங்கிள். அந்தக் குசினியில் இருமி இருமிச் சமைத்ததும் அதே அம்மம்மாதான். விறகுப் புகையின் துகள்களில் பெரும்பங்கு 2.5 மைக்ரோமீற்றரைவிடச் சிறியவை. நம் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கு மயிரும் தொண்டைச் சளியும் அவற்றைப் பிடிப்பதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள்வரை போகின்றன. மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. அதனால்தான் புகை நாட்களில் ஆஸ்துமாப் பிள்ளைகளோடு நெஞ்சுவலி வந்த தாத்தாமாரும் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

இடைப்பட்ட மாதங்கள்

இலையுதிர்காலத்தில், ஏப்ரல் மே மாதங்களில், நகரத்தைச் சுற்றிய காடுகளில் தீயணைப்புத் துறையினர் திட்டமிட்டுத் தீ வைப்பார்கள். கோடையில் பெருந்தீ பரவாமல் இருக்க, காய்ந்த சருகுகளை முன்கூட்டியே எரித்துவிடுவது இது. காற்று வேகமாக வீசும் நாளில் தீ கைமீறிப் போகும். ஆகவே அமைதியான நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் தீக்கு அமைதியான நாளே புகை தேங்கும் நாளும். வசந்தத்திலும் இப்படி எரிப்பதுண்டு. 2023 செப்டெம்பரில் சில நாட்கள் சிட்னி முழுவதும் புகைக்குள் இருந்தது இதனால்தான். வேண்டாம் என்று சொல்லக்கூடிய காரியம் இல்லை இது. முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஆயத்தமாக வேண்டிய காரியம்.

குளிர்கால இறுதியிலும் வசந்தத்திலும் மேற்குக் காற்று வீசும்போது கண்டத்தின் நடுப்பகுதி வறட்சி நம்மிடம் வரும். 2009 செப்டெம்பர் 23 காலை சிட்னி செந்நிறத் தூசிக்குள் விடிந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

2019-20 கோடையை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நகரத்தின் வடமேற்கே கோஸ்பர்ஸ் மலைத்தீ மட்டும் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. 2019 டிசெம்பர் 10 அன்று துறைமுகத்தில் படகுகள் நிறுத்தப்பட்டன. அலுவலகக் கட்டடங்களில் புகையால் தீ அபாய மணிகள் ஒலித்தன. மேற்குக் காற்று கடலுக்குத் தள்ளிய புகையைக் கடற்காற்று திருப்பிக் கொண்டுவந்த நாட்களும் இருந்தன. அந்தத் தீயில் நேரடியாக உயிரிழந்தவர்கள் 33 பேர். புகையினால் கிழக்கு அவுஸ்திரேலியாவில் 417 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்றும், மூச்சு நோயால் 2,027 பேரும் இதய நோயால் 1,124 பேரும் கூடுதலாக மருத்துவமனையில் சேர்ந்திருக்கலாம் என்றும் ஓர் ஆய்வு பின்னர் மதிப்பிட்டது. தீ எட்டாத வீடுகளுக்குள்ளும் புகை எட்டியது.

மெல்பேர்ணில் உறவினர் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதுவும் கடலோர நகரம்; அங்கே வசந்தத்தின் ஆபத்து புல் மகரந்தம். வடக்கிலும் மேற்கிலும் உள்ள புல்வெளிகளிலிருந்து மகரந்தம் நகரத்துக்கு வரும். 2016 நவம்பர் 21 மாலை இடிமழைக் காற்றில் அந்த மகரந்தம் உடைந்து நுண்துகளாகி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். முன்பு ஆஸ்துமாவே இல்லாமல், வசந்தத்தில் தும்மலும் மூக்கு வடிதலும் மட்டும் இருந்தவர்கள் பலர் அன்று பாதிக்கப்பட்டார்கள். தெற்காசியாவிலிருந்து வந்து குடியேறியவர்களும் அவர்களில் அதிகமாக இருந்தார்கள். ‘சும்மா தடிமன்தானே’ என்று விட்டுவிடும் நம் பழக்கத்துக்கு இது எச்சரிக்கை.

நம் கையில் இருப்பது

பயமுறுத்த இதை எழுதவில்லை. உலகத்தின் பல பெரிய நகரங்களோடு ஒப்பிட்டால் சிட்னியின் காற்று நல்ல காற்றுதான். கெட்ட நாட்களும் கெட்ட நேரங்களும் எவை என்று தெரிந்தால் மற்ற நாட்களில் தாராளமாக வெளியே போகலாம். எங்கள் வீடுகளில் நாங்கள் செய்வதைச் சொல்கிறோம்.

*பார்த்துவிட்டுப் போவோம்.* மாநில அரசின் காற்றுத்தர இணையதளம் ஒவ்வொரு மணிநேரமும் அளவைத் தருகிறது. பரமட்டா நோர்த், புரொஸ்பெக்ட், லிவர்பூல் என்று நமக்கு அருகிலுள்ள நிலையத்தைப் பாருங்கள். கடற்கரை நிலையத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பச்சை என்றால் நல்லது. மஞ்சள் என்றால் ஆஸ்துமா உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். செம்மஞ்சளும் சிவப்பும் என்றால் எல்லோரும் வெளி விளையாட்டைத் தள்ளிப்போட வேண்டும்.

*கோடையில் காலை, குளிரில் நண்பகல்.* வெப்பமான நாளில் கிரிக்கெட்டைக் காலை பத்து மணிக்குள் முடியுங்கள். குளிர்காலத்தில் ஓட்டத்தையும் நடையையும் நண்பகலை ஒட்டி வையுங்கள். வீட்டு ஜன்னலையும் அப்போது திறந்து, பொழுதுபடுமுன் மூடிவிடுங்கள்.

*முகக்கவசத்தின் எல்லையை அறிவோம்.* பி2 கவசம் முகத்தில் சரியாகப் பொருந்தினால் புகைத் துகளைத் தடுக்கும். ஓசோன் ஒரு வாயு. அதை இந்தக் கவசம் தடுக்காது. ஓசோன் கூடிய பிற்பகலில் வீட்டுக்குள் இருப்பதே வழி. புகை நாளில் ஜன்னல்களை மூடி, குளிரூட்டியை உள்ளகக் காற்றையே சுற்றவிடும்படி வையுங்கள்.

*விறகு அடுப்பு உள்ளவர்களுக்கு.* வேறு வழி இருந்தால் மின்சாரச் சூடாக்கியைப் பயன்படுத்துங்கள். விறகுதான் என்றால் நன்றாகக் காய்ந்த விறகை மட்டும் போட்டு, காற்று போகவிட்டுச் சுடர் தெரிய எரியுங்கள். இரவு முழுக்கப் புகையும்படி அமர்த்திவைக்காதீர்கள். உங்கள் புகைபோக்கியிலிருந்து வெளியேறியதும் அது உங்கள் புகை இல்லை. அடுத்த வீட்டில் தூங்கும் குழந்தையின் அறைக்கும் அது போகிறது.

*எல்லோராலும் நேரத்தைத் தெரிவுசெய்ய முடியாது.* உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் நம் மாணவத் தம்பிமாரும், கட்டட வேலை செய்யும் சகோதரரும் சிவப்பு நாளிலும் வெளியேதான் நிற்கிறார்கள். பழைய வாடகை வீடுகளில் ஜன்னலை மூடினாலும் புகை நுழையும். அப்படியான நாளில் அவர்களுக்கு ஒரு போன் எடுங்கள். சில மணிநேரம் உங்கள் வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்லுங்கள்.

*ஆஸ்துமா முதலுதவி.* இதை எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளையை நிமிர்ந்து உட்காரவையுங்கள், படுக்கவைக்க வேண்டாம். நீல பஃபரை ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை அமுக்கி, நான்கு மூச்சு எடுக்கவிடுங்கள். இப்படி நான்கு முறை. பிறகு நான்கு நிமிடம் பொறுங்கள். குறையாவிட்டால் மீண்டும் நான்கு முறை. அதற்கும் குறையாவிட்டால் உடனே 000. அம்புலன்ஸ் வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு அமுக்கல் தொடருங்கள். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ ஒன்றுக்கும் பொறுத்திராமல் முதலிலேயே 000-ஐ அழையுங்கள். தன் பஃபர் இல்லாத அவசரத்தில் இன்னொருவருடையதைக் கொடுக்கலாம். நடுச்சாமத்தில் வீணாக அழைக்கிறோமோ என்று தயங்காதீர்கள். அப்படி வந்தவர்களை நாங்கள் ஒருநாளும் குறையாகப் பார்ப்பதில்லை. தயங்கித் தாமதித்து வந்தவர்களைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு மனம் பதைக்கிறது.

தடுப்பு மருந்து தந்திருந்தால் சுகமாக இருக்கும் நாட்களிலும் அதை எடுக்க வேண்டும். ஆஸ்துமாச் செயற்திட்டத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து புதுப்பியுங்கள். ஒரு பிரதியை வாலிபர் தலைவரிடம் கொடுத்துவையுங்கள்.

இந்த ஜூலை

இந்த ஆண்டும் ஜூலையில் ஒன்றுகூடல் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி, பொழுதுபடுமுன் முடிகிறது. விறகு இல்லை, எரிவாயு அடுப்பில் கொத்து ரொட்டி. கதவடியில் ஒரு மேசை போட்டு, ஆஸ்துமா உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பஃபரையும் பெயர் எழுதி அதில் வைக்கப்போகிறோம். மேலதிகமாக ஒரு பஃபரும் இரண்டு ஸ்பேசர்களும் சபை முதலுதவிப் பெட்டிக்கு வாங்கியாயிற்று.

அந்த மேசைக்குப் பொறுப்பாக யார் நிற்பது என்று வாலிபர் கூட்டத்தில் கேட்டபோது, சென்ற ஆண்டு அம்புலன்ஸில் போன தம்பிதான் முதலில் கை தூக்கினான். “ஆனா மார்ஷ்மெல்லோ கட்டாயம் வேணும் அக்கா, அடுப்பிலயாவது சுடுவம்” என்றும் சொல்லியிருக்கிறான். அதற்கு ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறோம். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். வரும்போது பஃபரையும் மறவாமல் கொடுத்துவிடுங்கள்.